ஏழாம் அத்தியாயம்: பெட்டரிக்கு இடம் எங்கே?

புதுப் பெட்டரி ஒன்று வாங்கினால் அதில் ஒட்டியிருக்கும் தாளில் ஒரு வரி இருக்கும்: காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்துச் சார்ஜ் செய்யுங்கள். பங்களாவுக்கு இந்த அறிவுரை போதும். லயத்துக்குப் போதாது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, ஒரு கதவு, ஒரு சின்ன ஜன்னல், விறகடுப்பு, வீட்டுக்கு வீடு பிரியாமல் மேலே ஓடும் ஒரே தகரக்கூரை. ஹப்புத்தளையிலும் இதல்கஸ்இன்னவிலும் மார்கழிக் குளிருக்கு இரவு ஏழு மணிக்கே கதவைச் சாத்திவிடுவோம். ஜன்னல் இடுக்கில் பழைய துணியும் செருகிவிடுவோம். அந்த வீட்டில் காற்றோட்டமுள்ள இடத்தை எங்கே தேடுவது? புதுப் பெட்டரியை எங்கே வைப்பது, செத்த பெட்டரியை எங்கே சேர்ப்பது என்ற இரண்டு கேள்விகளுக்கும் லயத்தில் நின்றுகொண்டு பதில் தேடுவதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

ஊவாத் தோட்டங்களுக்குப் பெட்டரி புதிதல்ல. லயங்களுக்குக் கரன்ட் வராத காலத்தில், கறுப்பு வெள்ளை டீவி பார்க்க ஒரு கார் பெட்டரி இருந்தாலே பெரிய விஷயம். சார்ஜ் இறங்கினால் ஒருவர் தோளில் சுமந்து பசறைக்கோ லுணுகலைக்கோ பதுளைக்கோ கொண்டுபோய்ச் சார்ஜ் போட்டு, அடுத்த நாள் திரும்பத் தூக்கிவர வேண்டும். தொண்ணூறுகளின் கடைசியில் உலக வங்கித் திட்டத்தின் கடனுதவியோடு சூரிய ஒளித் தொகுதிகள் கிராமங்களுக்கு வந்தன. ஊவா மாகாண சபையும் அதற்கு மானியம் கொடுத்தது. ஒவ்வொரு தொகுதியோடும் ஓர் ஈயப் பெட்டரி வீட்டுக்குள் வந்தது. பிறகு கரன்ட் வந்தது, பெட்டரி குறைந்தது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு என்ற நிலை வந்தபோது பழைய பழக்கம் திரும்பியது. த்ரீவீல் பெட்டரியைக் கழற்றிவந்து காம்பராவில் ஒரு எல்.ஈ.டி. பல்பும் போன் சார்ஜரும் மாட்டினோம். மண்சரிவு எச்சரிக்கை வந்து பாடசாலைக்கோ கோயில் மண்டபத்துக்கோ போகிற நாட்களிலும் பலர் கையோடு எடுத்துப்போகிற பொருட்களில் பெட்டரியும் ஒன்று. ஆகவே இதைப் பழங்காலத்துச் சங்கதி என்று யாரும் தள்ள வேண்டாம்.

பெட்டரிக்குள் என்ன இருக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஈயத் தட்டுகள், அவற்றை மூழ்கடித்து நிற்கும் அசிட். அந்த அசிட்டில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகச் சல்பூரிக் அமிலம், மிச்சம் தண்ணீர். பன்னிரண்டு வோல்ட் பெட்டரியில் ஆறு அறைகள், ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய இரண்டு வோல்ட். 1859இல் பிரான்சில் கஸ்தோன் பிளான்தே செய்த பெட்டரியும் இன்று த்ரீவீலின் சீட்டுக்கடியில் இருப்பதும் அடிப்படையில் ஒன்றே. அதிலிருந்து நமக்கு வரக்கூடிய கேடு நான்கு: வாயு, நெருப்பு, அசிட், ஈயம். முதல் மூன்றும் வந்த உடனே தெரியும். நான்காவது வருடக்கணக்கில் தெரியாது. அதனால்தான் அதைக் கடைசியில் வைத்து நிறையச் சொல்லப்போகிறேன்.

கொதிக்கிற சத்தம்

சார்ஜ் நிரம்பிய பிறகும் கரன்ட் ஏறிக்கொண்டிருந்தால் பெட்டரிக்குள் சளசளவென்று கொப்புளம் கிளம்பும். "பெட்டரி நல்லாக் கொதிக்குது, சார்ஜ் ஏறிட்டு" என்று சந்தோஷப்படுவோம். அந்தக் கொப்புளம் தண்ணீர் உடைந்து பிரிகிற ஐதரசனும் ஒட்சிசனும். ஐதரசனுக்கு நிறமும் மணமும் கிடையாது. காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். பற்றவைக்க நெருப்புக்குச்சிகூட வேண்டாம். கம்பளிச் சட்டையைக் கழற்றும்போது சடசடக்கிறதே, அந்தப் பொறியே போதும்.

நிரம்பின பெட்டரியில் 5 அம்பியர் ஓடிக்கொண்டே இருந்தால் ஒரு மணி நேரத்தில் சுமார் பன்னிரண்டரை லீற்றர் ஐதரசன் வரும். முழுக் காம்பராவில் ஏறக்குறைய 28,000 லீற்றர் காற்று இருக்கும், ஆகவே ஓர் இரவில் காம்பரா முழுவதும் வெடிமருந்தாகிவிடாது. ஆபத்து மூடிய சின்ன இடங்களில் இருக்கிறது. டீவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் பெட்டரியை வைத்துக் கதவை மூடினால் அங்கே 100 லீற்றர் இடம் இருக்குமா? அதற்கு 4 லீற்றர் ஐதரசன் போதும், இருபது நிமிடத்தில் சேர்ந்துவிடும். கட்டிலுக்கடியில் வைத்து முன்னால் போர்வை தொங்கினாலும் அதேதான். பெட்டரியின் மூடிக்கடியில், அசிட்டுக்கு மேலே உள்ள சின்ன வெற்றிடத்தில், இந்த வாயு எப்போதும் நிறைந்திருக்கும். சார்ஜர் க்ளிப்பை ஓடுகிற கரன்ட்டோடு பிடுங்கும்போது ஒரு பொறி தெறித்தால் அந்த வெற்றிடம் வெடிக்கும். பெட்டரிக் கூடு சிதறி அசிட் நேரே முகத்துக்கு வரும். கராஜ்களில் இப்படிக் கண் போவதுண்டு.

ஆகையால் இதை ஒரு பழக்கமாகவே ஆக்கிக்கொள்ளுங்கள். க்ளிப் மாட்டி முடிந்த பிறகே சார்ஜர் சுவிட்ச் போட வேண்டும். கழற்றும்போது சுவிட்சை அணைத்த பிறகே க்ளிப்பில் கைவைக்க வேண்டும். கேபிள் மாட்டுகையில் சிவப்பு முதலில், கறுப்பு கடைசி. கழற்றுகையில் கறுப்பு முதலில். ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்குக் கரன்ட் கொடுத்து ஸ்டார்ட் பண்ணும்போது, கடைசிக் கறுப்பு க்ளிப்பைச் செத்த பெட்டரியின் மேல் மாட்டாதீர்கள். அந்த வண்டியின் இஞ்சின் இரும்பில், பெட்டரிக்குத் தள்ளி மாட்டுங்கள். பொறி வரத்தான் செய்யும், வந்தாலும் வாயு இல்லாத இடத்தில் வரட்டும்.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மின்வெட்டு இரவில் பெட்டரியில் தண்ணி இருக்கிறதா என்று பார்க்க மூடியைத் திறந்து, நெருப்புக்குச்சி கிழித்தோ மெழுகுதிரி பிடித்தோ உள்ளே எட்டிப் பார்க்காதீர்கள். டோர்ச் இருந்தால் தள்ளி நின்று ஏற்றிக்கொண்டு கிட்ட வாருங்கள். இல்லாவிட்டால் விடியட்டும்.

பெட்டரி தொடமுடியாதபடி சுடுகிறதா, வயிறு ஊதியிருக்கிறதா, அழுகிய முட்டை வாடை வருகிறதா? அந்த வாடை ஐதரசன் சல்பைட், உயிரை எடுக்கக்கூடிய விஷ வாயு. சிறிது நேரத்தில் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாமல் போகும், ஆனால் வாயு அங்கேயே இருக்கும். பிள்ளைகளை வெளியே அனுப்பி, கதவைத் திறந்துவிட்டு, பெட்டரியைத் தொடாமல் சார்ஜருக்குப் போகிற கரன்ட்டை மெயின் சுவிட்சில் நிறுத்துங்கள். அது ஆறும்வரை காம்பராவுக்குள் யாரும் படுக்கக் கூடாது. யூ.பி.எஸ்.க்குள் இருக்கிற, தண்ணி ஊற்றத் தேவையில்லாத மூடிய பெட்டரிக்கும் இது பொருந்தும்.

இஸ்தோப்பில் ஒரு பெட்டி

அப்படியானால் எங்கே வைப்பது? என் பதில் இஸ்தோப்பு. காம்பராவுக்கு வெளியே, கூரைக்குக் கீழே, மழைச் சாரல் படாத சுவரோரம். இதைச் சொன்னவுடன் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "வெளிய வச்சா விடியறதுக்குள்ள தூக்கிட்டுப் போயிருவாங்களே அண்ணே?" நியாயமான கேள்வி. த்ரீவீல்காரத் தம்பிமார் இரவில் பெட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவருவதற்கும் இதுதான் காரணம். ஆனால் கள்ளனுக்குப் பயந்து பிள்ளையின் தலைமாட்டில் வைப்பதைவிட, வெளியிலேயே பூட்டி வைக்கப் பெட்டி செய்வது நல்லது.

பெட்டியைப் பலகையில் செய்யுங்கள். தகரத்தில் வேண்டாம். கழன்ற வயரோ விழுந்த ஸ்பேனரோ தகரத்தில் பட்டால் ஷோர்ட்டாகும். ஐதரசன் காற்றைவிடப் பதினான்கு மடங்கு லேசானது, நேரே மேலே போகும். அதனால் பெட்டியின் ஒரு பக்கத்தில் அடியில் இரண்டு ஓட்டை, எதிர்ப்பக்கத்தில் மூடிக்கு ஒட்டி மேலே இரண்டு ஓட்டை போடுங்கள். கீழே குளிர்காற்று நுழைந்து மேலே வாயுவைத் தள்ளிக்கொண்டு போகும். மேல் ஓட்டை இல்லாத பெட்டி கட்டிலடியைவிட மோசம். எலி வயரைக் கடிக்காமல் இருக்க ஓட்டைகளில் வலை அடியுங்கள். உள்ளே ஒரு பிளாஸ்டிக் பேசினை வைத்து அதற்குள் பெட்டரியை இறக்குங்கள், கசிகிற அசிட் அதில் நிற்கும். மூடிக்குக் கொண்டி, கொண்டிக்குப் பூட்டு. பெட்டியின் அடிப்பலகையைச் சுவரோடு அல்லது தூணோடு நீள ஆணியால் இறுக்கினால் அவ்வளவு சுலபமாகத் தூக்க முடியாது.

சார்ஜரைப் பெட்டிக்குள்ளும் பெட்டிக்கு மேலும் வைக்க வேண்டாம். மேலே கிளம்பும் வாயு நேரே அதன் சுவிட்சுக்குப் போய்விடும். பக்கத்தில், பெட்டியின் மட்டத்துக்குக் கீழே வையுங்கள். அடுப்பு, சாமி விளக்கு, தாத்தா உட்கார்ந்து சுருட்டுப் பிடிக்கிற இடம் ஆகிய மூன்றுக்கும் பெட்டி தூரமாக இருக்கட்டும். தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் வெடி கொளுத்துகிற பக்கமாகவும் வேண்டாம். சார்ஜ் போடுவதைப் பகலில், ஆள் விழித்திருக்கும்போது முடித்துவிடுங்கள். பெட்டரியில் 35 அம்பியர்-மணி என்று போட்டிருந்தால் மூன்றரை அம்பியரில் சார்ஜ் ஏற்றுவது போதும். அவசரத்துக்குப் பத்து அம்பியர் ஏற்றினால் பெட்டரியும் கெடும், வாயுவும் பெருகும். இஸ்தோப்பே இல்லாத லயம் என்றால், ஜன்னலுக்குக் கீழே வெளிச்சுவரில் சாரல் மறைப்போடு இதே பெட்டியைப் பொருத்தலாம். அதுவும் முடியாத இடத்தில் காம்பராவுக்குள் பெட்டரியைப் பாவிக்கலாம், ஆனால் அங்கே சார்ஜ் போடாதீர்கள். அதைக் கராஜுக்கோ கடைக்கோ கொடுத்துவிடுங்கள்.

பன்னிரண்டு வோல்ட்தானே?

பெட்டரியைத் தொட்டால் ஷோக் அடிக்காது. அதனால் வயர் விஷயத்தில் அலட்சியம் வந்துவிடுகிறது. வோல்ட் குறைவு என்பது உண்மை. ஆனால் இரண்டு முனைகளும் நேருக்கு நேர் சேர்ந்தால் ஒரு சின்னப் பெட்டரியே நூற்றுக்கணக்கான அம்பியரை ஒரே மூச்சில் கொட்டும். விரலில் இருக்கும் மோதிரம் ஒரு முனையிலும் ஸ்பேனர் மறுமுனையிலும் பட்டால் மோதிரம் பழுக்கக் காய்ந்து விரலோடு ஒட்டிக்கொள்ளும். பெட்டரி வேலைக்குமுன் மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். தாலிக்கொடியையோ சங்கிலியையோ கழற்ற மனமில்லாத அக்காமார் அதைச் சட்டைக்குள் போட்டுச் சேலையை இறுக்கிச் செருகிக்கொண்டு குனியுங்கள். ஸ்பேனரின் கைப்பிடிக்கு இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள்.

கூரைக்குள் ஓடுகிற மெல்லிய வயர் இன்னும் பெரிய கவலை. மணி வயர், பழைய ஸ்பீக்கர் வயர் என்று கையில் கிடைத்ததை முறுக்கிச் சேர்த்து, உரப்பை அடித்த கூரைக்கடியில் இழுத்துவிடுகிறோம். எங்கோ ஓர் எலி கடித்தால் இரண்டு கம்பிகளும் தொட்டுக்கொள்ளும். வீட்டுக் கரன்ட் என்றால் ட்ரிப் சுவிட்ச் விழும். பெட்டரிக்கு விழ எதுவும் இல்லை. வயர் சிவக்கும், உரப்பை உருகும், தகரத்துக்கடியில் நெருப்பு வீடு வீடாக ஓடும். ஒரு லயத்தில் ஒரு காம்பரா எரிந்தது என்று நாம் கேள்விப்படுவது அரிது. எரிந்தால் பத்து வீடு, இருபது வீடு. பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் பிள்ளைகளின் புத்தகமும் ஒரே இரவில் போகும். ஊவாவில் ஆடியிலிருந்து புரட்டாதி வரை கச்சான் காற்று வறட்டிக்கொண்டு வீசும். கொழுந்துக்கு நல்ல மணம் தருகிற அதே காற்று நெருப்புக்கும் வழிவிடும்.

இதற்குப் பரிகாரம் ஒரு பியூஸ். பெட்டரியின் சிவப்பு முனையிலிருந்து ஒரு சாணுக்குள், வேறு எதையும் மாட்டுமுன், பியூஸ் இருக்க வேண்டும். இரண்டு எல்.ஈ.டி. பல்பும் ஒரு போனும் சேர்ந்தாலும் 5 அம்பியருக்கு மேல் போகாது, ஆகவே 5 அம்பியர் பியூஸ். வாகன உதிரிப்பாகக் கடையில் பியூஸும் அதன் கூடும் ஒரு நேரத் தேத்தண்ணிச் செலவுக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். பியூஸ் போனால் சிகரெட் தாளையோ கம்பியையோ சுற்றி வைக்க வேண்டாம். போனதற்குக் காரணத்தைத் தேடுங்கள். நெருப்புப் பிடித்துவிட்டால் முதல் வேலை ஆட்களை எழுப்புவது. உங்கள் வீட்டை மட்டும் எழுப்பினால் போதாது. இரண்டு பக்கத்துக் காம்பராக்களையும் அவற்றுக்கு அப்பாலும் தட்டுங்கள், கூரை ஒன்றுதானே. கிட்டப் போக முடிந்தால் வயரைப் பிடுங்கி மணலையோ காய்ந்த மண்ணையோ போடுங்கள். பெட்டரியே எரிந்தால் அந்தப் புகையை முகராமல் விலகிவிடுங்கள். தீயணைப்புப் படைக்கு 110. ஆனால் நகரத்திலிருந்து மலையேறி வர நேரமாகும் என்பதை மனதில் வைத்தே மற்ற எல்லாவற்றையும் செய்யுங்கள்.

அசிட்

பஸ்ஸில் பெட்டரி கொண்டுபோய் வந்த அடுத்த வாரம், துவைத்துக் காயப்போட்ட காற்சட்டையில் பொத்தல் பொத்தலாக ஓட்டை விழுந்திருக்கும். தெறித்த துளியில் தண்ணீர் காய்ந்துபோகும், அமிலம் காயாது. காயக் காயக் கடுமையாகித் துணியைத் தின்னும். தோலுக்கும் கண்ணுக்கும் அதே கதி. ஆகவே பெட்டரியைத் தோளில் சுமக்காதீர்கள். நிமிர்த்தி, பிளாஸ்டிக் பேசினுக்குள் வைத்து, இரண்டு பேராகத் தூக்குங்கள். பஸ்ஸில் மடியிலோ பிள்ளையின் காலடியிலோ வைக்க வேண்டாம்.

தண்ணி குறைந்தால் ஊற்ற வேண்டியது டிஸ்டில் வாட்டர் மட்டுமே. பீலித் தண்ணி எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதில் உப்பும் இரும்பும் உண்டு, தட்டுகளைக் கெடுக்கும். அசிட்டை வாங்கி ஊற்றுகிற பழக்கமும் தவறு. குறைவது தண்ணீர்தான், அசிட் உள்ளேயே இருக்கிறது. அசிட் கலக்குகிற வேலையைக் கராஜ்காரர்களிடமே விடுங்கள். கராஜில் வேலை பழகுகிற தம்பிகளுக்கு ஒன்று: தண்ணீரில்தான் அசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும், அசிட்டில் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் அடிக்கும். அசிட்டையும் டிஸ்டில் வாட்டரையும் சோடாப் போத்தலில் வைக்கவே கூடாது. தாகத்தோடு பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைக்குப் போத்தலைத்தான் தெரியும்.

கண்ணில் பட்டால் அந்த நொடியிலேயே தண்ணீர். இமையை விரலால் விரித்துப் பிடித்து, பீலியோ பைப்போ குடமோ எது கிட்டவோ அதில் குறைந்தது இருபது நிமிடம் கழுவுங்கள். எரிச்சல் நின்றதென்று நடுவில் விட வேண்டாம். தாய்ப்பால் விடுவது, எண்ணெய் விடுவது, அப்பச்சோடாக் கரைசல் விடுவது ஒன்றும் வேண்டாம். கழுவிக்கொண்டே ஒருவர் 1990க்கு அழைக்கட்டும், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். தோலில் பட்டால் நனைந்த துணியைக் கழற்றிவிட்டு அதே மாதிரி கழுவுங்கள். பற்பசை, மை, தேங்காயெண்ணெய் வேண்டாம். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இறங்கும்போது சுட்ட தொண்டையை ஏறும்போதும் சுடும். வாயைக் கொப்பளிக்க வைத்து நேரே வைத்தியசாலை. கொழும்பு தேசிய வைத்தியசாலையில் 1988 முதல் தேசிய நச்சியல் தகவல் நிலையம் இருக்கிறது. எந்த வைத்தியரும் அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

நிலத்தில் கொட்டினால் அப்பச்சோடாவைத் தூவுங்கள், பொங்குவது நிற்கும்வரை. அது இல்லாவிட்டால் ஆறின அடுப்புச் சாம்பலும் அசிட்டை முறிக்கும். சாம்பலில் காரம் இருக்கிறது. நிலத்துக்கு மட்டும், உடம்புக்கு ஒருபோதும் அல்ல.

ஈயம்

2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் செனகல் நாட்டின் தலைநகர் டக்காருக்குப் பக்கத்தில், தியாரோய் என்ற ஊரின் ஒரு பகுதியில், ஐந்து வயதுக்குக் குறைந்த பதினெட்டுப் பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்தார்கள். கொள்ளைநோய் என்று தேடியவர்களுக்கு எந்தக் கிருமியும் அகப்படவில்லை. அந்த ஊரில் வருடக்கணக்காகப் பழைய பெட்டரிகளை உடைத்து ஈயம் எடுத்து வந்திருந்தார்கள். ஈயத்தின் விலை ஏறியபோது, மண்ணில் கலந்து கிடந்த ஈயத்துக்கும் ஆள் வந்தது. தாய்மார் அந்த மண்ணை வீட்டுக்கு அள்ளிவந்து முற்றத்திலும் வீட்டுக்குள்ளும் சலித்தார்கள். கிடைக்கிற காசில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுவதற்காக. தூசி பிள்ளைகளின் வாய்க்குப் போனது.

இந்தக் கதையை வாசிக்கும்போதெல்லாம் நம் லயத்து முற்றம்தான் என் கண்ணுக்குள் வருகிறது. பழைய இரும்பு வியாபாரி முழுப் பெட்டரிக்கு ஒரு விலை, பிரித்த ஈயத்துக்கு வேறொரு விலை சொன்னால், கானோரத்தில் கோடாரியால் பிளந்து அசிட்டை ஊற்றிவிடத் தோன்றுவது இயல்பு. பெட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம், அது 327 பாகையிலேயே உருகும். விறகடுப்பும் பழைய சட்டியும் போதும் என்பதுதான் இதிலுள்ள கொடுமை. உருக்கும்போது கிளம்பும் புகையிலும், சட்டியின் மேல் படிகிற சாம்பலிலும், ஊற்றிவிட்ட அசிட்டிலும் ஈயம் இருக்கிறது. மண்ணில் விழுந்த ஈயம் மட்கிப் போகாது, மழை வந்தால் கீழே இருக்கிற பீலிக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் நகரும்.

உடம்புக்குள் போன ஈயத்தைச் சுண்ணாம்புச் சத்தென்று உடம்பு ஏமாந்து எலும்பில் சேர்த்து வைக்கும். அது ஒரு பெண் பிள்ளையானால், பத்து இருபது வருடம் கழித்து அவள் கருவுறும்போது எலும்பிலிருந்து கரைந்து சிசுவுக்குப் போகும். பெரியவர்கள் விழுங்குகிற ஈயத்தில் உடம்பு எடுத்துக்கொள்கிற பங்கைவிட நான்கைந்து மடங்கு பங்கைச் சின்னப் பிள்ளையின் உடம்பு எடுத்துக்கொள்ளும். இவ்வளவு வரை பாதகமில்லை என்று சொல்லக்கூடிய அளவு ஒன்று ஈயத்துக்கு இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த பிள்ளை இன்னும் அதிகமாக உறிஞ்சும். நமக்கு இதுதான் முக்கியம். 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டில் நூற்றுக்குப் பதினேழு பேர், தோட்டங்களில் முப்பத்திரண்டு பேர். போஷாக்குக் குறைந்த பிள்ளைகள் வாழ்கிற இடத்தில் ஈயத்தைக் கொட்டுவது வேறெந்த இடத்தில் கொட்டுவதையும்விடக் கேடானது.

அறிகுறிகளும் நம்மை ஏமாற்றும். வயிற்றுவலி, மலச்சிக்கல், பசியின்மை, வெளிறிய முகம், சோர்வு, எரிச்சல், படிப்பில் பின்தங்குதல். இவற்றைப் பார்த்தால் அம்மா பூச்சி மருந்து கொடுப்பார். டிஸ்பென்சரியில் இரத்தம் குறைவென்று குளிசை கொடுப்பார்கள். படிக்காத பிள்ளை என்று ஆசிரியர் பின்வாங்கில் உட்கார வைப்பார். ஆகவே நீங்கள்தான் வாய்திறந்து சொல்ல வேண்டும். வீட்டில் யாராவது பெட்டரி உடைக்கிற, ஈயம் உருக்குகிற, பெட்டரிக் கடையில் தட்டு மாற்றுகிற வேலை செய்தால், கிளினிக்கிலோ பதுளைப் போதனா வைத்தியசாலையிலோ வைத்தியரிடம், "டொக்டர், எங்க வீட்டுல பெட்டரி ஈயத்தோட வேலை செய்றாங்க" என்று அந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். இரத்தத்தில் ஈயத்தின் அளவைச் சோதிக்க முடியும். ஒரு டெசிலீற்றருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டல்.

பெட்டரிக் கடையில் வேலை செய்கிற தம்பி வீட்டுக்கு வருமுன் கடையிலேயே சவர்க்காரம் போட்டுக் கையும் முகமும் கழுவி உடுப்பு மாற்றட்டும். வேலை உடுப்பைப் பிள்ளைகளின் துணியோடு ஊறப்போட வேண்டாம். வந்த வேகத்தில் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுகிற ஆசையைக் குளித்து முடிகிற வரைக்கும் தள்ளிவையுங்கள். வேலையிடத்தில் றொட்டி தின்பதும் வெற்றிலை போடுவதும் ஈயத்தையே தின்பதுபோல. தூசியைக் காயவிட்டுக் கூட்டாமல் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். பெட்டரிக் கூட்டைப் பூச்சட்டியாகவோ கோழிக்குத் தண்ணி வைக்கவோ கொத்தமல்லி வளர்க்கவோ பாவிக்க வேண்டாம். எத்தனை முறை கழுவினாலும் பிளாஸ்டிக்கில் ஈயத்தூள் நிற்கும்.

செத்த பெட்டரியை என்ன செய்வது? உடைக்காமல், அசிட்டைக் கொட்டாமல், மூடிகளை இறுக்கி, நிமிர்த்தியபடி கடையில் கொடுப்பதுதான் வழி. புதுப் பெட்டரி வாங்கும்போது பழையதைக் கொடுத்தால் விலையில் கழித்துத் தருகிற கடைகள் இருக்கின்றன, அதைக் கேட்டு வாங்குங்கள். இலங்கையில் ஆபத்தான கழிவுகளைச் சேகரிக்கவும் கொண்டுசெல்லவும் களஞ்சியப்படுத்தவும் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2008இல் வந்த ஒழுங்குவிதிகள் அப்படிச் சொல்கின்றன. லயத்துக்கு வருகிற வியாபாரியிடம் கொடுப்பதானால், "இங்க உடைக்கக் கூடாது, முழுசா எடுத்துட்டுப் போங்க" என்பதை முதலில் பேசிக்கொண்டு பிறகு விலை பேசுங்கள். கடைக்குப் போகும்வரை செத்த பெட்டரிக்கும் இடம் இஸ்தோப்புப் பெட்டிதான். அசிட்டும் ஈயமும் அப்படியே இருக்கின்றன, கொஞ்சம் கரன்ட்டும் மிச்சமிருக்கும்.

ஏற்கெனவே யாரோ உடைத்துவிட்டுப் போன இடம் உங்கள் லயத்தில் இருக்கலாம். மண் வெளுத்தோ கறுத்தோ, புல் முளைக்காமல், தட்டுத் துண்டுகள் கிடக்கும். அங்கே பிள்ளைகள் கோலி விளையாட விடாதீர்கள். கோழியை மேய விடாதீர்கள். கீரை போடாதீர்கள். காய்ந்த நாளில் கூட்டிப் பெருக்கினால் தூசி கிளம்பும், ஆகவே தொடாமல் சுற்றி வேலி கட்டுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் தோட்ட நிர்வாகத்திடமும் எழுத்தில் கொடுங்கள். அவர்கள் வந்து அந்த மண்ணை முறையாக அகற்றும்வரை மேலே சுத்தமான மண்ணைத் தடிப்பாகப் போட்டு, நனைத்து, மிதித்து இறுக்கி வையுங்கள். அந்த இடம் பீலிக்கு மேல்பக்கம் இருந்தால் இன்றிலிருந்தே குடிக்கவும் சமைக்கவும் வேறு பீலியில் பிடியுங்கள், அந்தத் தண்ணீரைச் சோதித்துப் பார்க்கும்படி அதே கடிதத்தில் கேளுங்கள்.